கடைசிப் படி தெரியும் வரை

பதினோராம் படி வெளியே வந்த அன்றைக்குச் சாத்தங்கரை பள்ளிவாசல் குளத்தைச் சுற்றிக் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். மீரா உசேன் பாய் மளிகைக் கடைக் கதவைப் பாதி சாத்திப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். குளத்துக்குள்ளே இடுப்பு வரை சேறு பூசி நின்ற ராஜாத்தி, மம்பட்டியின் பின்பக்கத்தால் சேற்றைத் தள்ளித் தள்ளிக் கல்லின் விளிம்பைக் காட்டினாள்.

"இந்தா பாருங்க, பதினொன்னு! கண்ணு குளிரப் பாத்துக்கங்க!"

கரையில் நின்ற பொம்பளைகள் குரவை விட்டார்கள். யாரோ ஒரு தட்டு நாகூர் வாடாவை நீட்டினார்கள். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

தலையில் சேற்றுச் சட்டியோடு படியேறிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் மட்டும் நட்ட நடுவில் நின்றுவிட்டாள்.

"ஆறாயிரம்," என்றாள், வாய்க்குள்.

"என்னக்கா, நின்னுட்டே? சும்மாடு வழுக்குதா?" என்று கேட்டாள் பின்னால் வந்தவள்.

"ஒன்னுமில்லடி. வழி விடு."

ஒரு படிக்கு ஆறாயிரம். ஒரு மா, அதாவது மூணில் ஒரு பங்கு ஏக்கர், பரப்புள்ள குளம். இருபத்தஞ்சு ஆள் அஞ்சு நாள் வெட்டிச் சுமந்தால்தான் ஒரு படி உயரத்துக்குச் சேறு குறையும். கூலி அவ்வளவு ஆகிறது. பேசிய தொகையோ பத்துப் படிக்குத்தான் பேசியது. தண்ணீர் இறைத்த எஞ்சின் வாடகை, டீசல், மேஸ்திரி கூலி எல்லாம் போகப் பத்தாம் படியோடு அது தீர்ந்துபோனது. பதினொன்றிலிருந்து வரும் ஒவ்வொரு படியும் அவள் வீட்டுக் காசு.

அவள் வீட்டுக் காசு என்றால் பதினைந்தாயிரம். அது மகள் சான்ட்ராவின் நர்ஸிங் படிப்புக்கு. தஞ்சாவூரில் இடம் கிடைத்துவிட்டது, ஜூன் பத்தாம் தேதிக்குள் கட்டவேண்டும் என்று கடுதாசி வந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறது.

இது எப்படி வந்தது என்றால், பிரியாணியால் வந்தது.

அந்த வருஷம் துபாயிலும் சவுதியிலும் இருந்த ஊர்ப் பையன்கள் ஒன்று கூடிப் பள்ளிவாசல் குளத்தைத் தூர் வார இருபத்தெட்டாயிரம் அனுப்பியிருந்தார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவப் போனால் காலில் சேறு அப்பிக்கொண்டு வருகிறது என்று பல வருஷத்துப் புகார். ஜமாத்துக் காரியதரிசி மீரா உசேன் பாய். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, சுற்று வட்டாரத்தில் மண்வேலைக்குப் பேர்போன மேஸ்திரியான குழந்தைராஜும் போயிருந்தார். மரியபுஷ்பத்தின் வீட்டுக்காரர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ரெண்டாவது தடவை சோறு வாங்கி, தால்சா ஊற்றி, இனிப்புக்குத் தம்ரூட்டும் தின்று முடித்து வெற்றிலை போட்ட நேரம் பார்த்து பாய் கேட்டிருக்கிறார்.

"மேஸ்திரி, குளத்தை ஒரு பார்வை பாத்துச் சொல்லிடுறீங்களா, எவ்வளவு ஆகும்னு?"

"பார்வை என்ன பாய், அளந்தே சொல்லிடுறேன்."

மண்வேலைக்காரன் என்றால் குளத்துக்கு நடுவில் இறங்கி, நாலு இடத்தில் கம்பியைக் குத்திப் பார்த்து, கெட்டித்தரை எவ்வளவு கீழே என்று கணக்குப் போட வேண்டும். குழந்தைராஜுக்கும் அது தெரியாததில்லை. ஆனால் நடுவில் முழங்கால் தண்ணீர், அதற்குக் கீழே சேறு. வேட்டியோ வெள்ளை. ஏழாம் படிதான் அப்போது கடைசியாகத் தெரிந்த படி. அதில் நின்றபடியே கம்பியை இறக்கினார். ரெண்டரை அடியில் டங்கென்று கல் தட்டியது.

"அவ்வளவுதான் பாய். இன்னும் மூணு படி. பத்தாம் படியில குளம் முடிஞ்சுது."

"நிச்சயமா?"

"என் கம்பி பொய் சொல்லாது. எழுதிக்கங்க, அந்த இருபத்தெட்டாயிரத்துக்கே கடைசிப் படி தெரியிற வரைக்கும் எடுத்துத் தரேன்னு."

பாய் எழுதிக்கொண்டார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில், நாலே வரி. கம்பி தட்டியது குளத்தின் தரை இல்லை, பத்தாம் படியின் கல். அதற்குக் கீழேயும் படி இருக்கும் என்று அந்த வெள்ளை வேட்டிக்குள் இருந்தவருக்குத் தோன்றவே இல்லை.

வேலை தொடங்கிய முதல் மூணு நாலு வாரம் அமோகமாகத்தான் போயிற்று. டீசல் எஞ்சின் வைத்து மூன்று நாள் தண்ணீர் இறைத்தார்கள். அடித் தண்ணீரில் விராலும் கெண்டையும் கெளுத்தியும் துள்ளின. வழக்கப்படி வீட்டுக்கு ஒரு கூறு, வெட்டுகிற ஆளுக்கு ஒரு கூறு. அன்றைக்குச் சாத்தங்கரையில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மாங்காய் போட்ட விரால் குழம்பு மணந்தது. அப்புறம் சேறு இறுகட்டும் என்று காயவிட்டு, மம்பட்டி போட்டார்கள். ஆம்பளைகள் வெட்ட, பொம்பளைகள் வரிசை கட்டிச் சட்டி மாற்றினார்கள். எட்டு வந்தது, ஒன்பது வந்தது, பத்து வந்தது.

பத்தாம் படிக்குக் கீழே மம்பட்டியைப் போட்டால் தரை கெட்டியாக இருக்க வேண்டுமே? பொதுக்கென்று உள்ளே போனது.

இப்போது பதினொன்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மூஸா வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு துபாயிலிருந்து போன் வரும். ஹமீதா பானுவின் வீட்டுக்காரன் முபாரக் பேசுவான். முன்னெல்லாம் பெண்டாட்டியைக் கேட்பான், பிள்ளைகளைக் கேட்பான். இப்போது எடுத்த எடுப்பில் வேறு கேள்வி.

"எத்தனை படி ஆச்சு?"

"பதினொன்னு," என்றாள் ஹமீதா. "என்னையக் கேக்க மாட்டீங்களா?"

"நீ நல்லாத்தான் இருப்பே. பதினொன்னா! மாஷா அல்லாஹ்! ரூம்ல பன்னெண்டு பேரும் ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லியிருக்கோம். நான் பதினாலு சொல்லியிருக்கேன். தோத்தவன் ஒரு வாரம் சமைக்கணும். மேஸ்திரிய நல்லா ஆழமா வெட்டச் சொல்லு!"

அதை ஹமீதா சிரித்துக்கொண்டே வந்து குளக்கரையில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மரியபுஷ்பமும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. அடுப்பில் கருவாடு வதங்கிக்கொண்டிருந்தது. சான்ட்ரா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"என்னன்னு?"

"கம்பி படியில தட்டிடுச்சு, நடுவுல குத்திப் பாக்காம விட்டுட்டேன்னு."

"புஷ்பம், இந்த வட்டாரத்துல முப்பது குளம் வெட்டியிருக்கேன். வேட்டி அழுக்காயிடும்னு கரையிலேருந்து அளந்தேன்னு என் வாயால சொல்லவா? அதுக்கு இந்தக் குளத்துலயே விழுந்துடலாம்."

"அதுல தண்ணி இல்ல, விழுந்தாலும் சேறுதான்."

சான்ட்ரா களுக்கென்று சிரித்தாள்.

"நீ என்னடி சிரிக்கிறே? உன் பீஸுதான் சேத்துல போயிட்டிருக்கு."

"அப்பா, நான் வேணும்னா அடுத்த வருஷம் சேந்துக்கிறேன். ஒரு வருஷந்தானே?"

"வாய மூடு," என்றாள் மரியபுஷ்பம். "அடுத்த வருஷம் எந்தக் குளம் எத்தனை படியோட நிக்குதோ யார் கண்டா? நீ பத்தாம் தேதிக்குள்ள தஞ்சாவூருக்குப் போறே. அவ்வளவுதான்."

"எப்படிம்மா?"

"அதைத்தான் யோசிக்கிறேன். அந்தக் கருவாட்டத் திருப்பி விடு, தீயுது."

குழந்தைராஜ் தலையைச் சொறிந்தார். "பாய்கிட்டப் பணம் இல்ல புஷ்பம். பையனுங்க அனுப்பினது அவ்வளவுதான், ஒரு பைசா கூடக் கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னாரு. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்."

"தம்ரூட்டு தின்ன வாயி, ஆட்டத்தான் செய்யும்."

சனிக்கிழமை கூலி நாள். பதினைந்தாயிரத்திலிருந்து ஆறாயிரம் போனது. மரியபுஷ்பம் கையாலேயே எண்ணிக் கொடுத்தாள். ராஜாத்தி வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதோரம் கேட்டாள்.

"யக்கா, இது மேஸ்திரி வீட்டுப் பணமா?"

"யார் சொன்னா?"

"நோட்டுல ஊதுவத்தி வாசம் வருது. மாதா படத்துக்குப் பின்னாடிதானே வெச்சிருந்தே?"

"வாங்கினமா போனமான்னு இரு. நீ வெட்டினதுக்குக் கூலி."

"அதுக்கில்லக்கா. திங்கக்கிழமையிலேருந்து நாங்க அரை மணி முன்னாடியே இறங்கிடுறோம். வெயிலுக்கு முன்னாடி நாலு நடை கூட ஆவும். சான்ட்ரா ஊசி போட்டா எனக்கு வலிக்காமப் போடச் சொல்லு, அது போதும்."

மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கருக்கலிலேயே இறங்கினார்கள். பன்னிரண்டாம் படிக்குப் பாதி ஆழம் போயிருக்கும். காலைக் கஞ்சிக்கு ஏறப்போன மரியபுஷ்பத்தின் காலில் என்னவோ நறநறத்தது. நின்றாள். இன்னொரு காலையும் ஊன்றிப் பார்த்தாள். மேலே இருந்த சேறு வெண்ணெய் மாதிரி விரலிடுக்கில் பிதுங்கும். இது பிதுங்கவில்லை.

கல்யாணம் ஆகும் முன்பு கொத்தனாருக்குச் சித்தாளாக ஒன்பது வருஷம் மணல் சலித்தவள் அவள். குனிந்து ஒரு கை அள்ளினாள். அள்ளியதைச் சுற்றுமுற்றும் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என்னக்கா, குளத்துல தங்கமா?" என்றாள் ராஜாத்தி.

"உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நீ கஞ்சியக் குடி, வந்துடுறேன்."

நேரே ஹமீதா பானுவின் புதுவீட்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போனாள். ஊரில் அப்போது நாலு துபாய் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மேல்மாடி, கம்பி கேட்டு, பச்சை டைல்ஸ். ஹமீதாவின் வீட்டில் துரைராசு கொத்தனார் சாரத்தின் மேல் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"துரைராசண்ணே, கொஞ்சம் இறங்கி வாங்க."

"ஏம்மா, மணல் லாரி இன்னிக்கும் வல்ல, நானே கொலவெறியில இருக்கேன்."

"மணல் விஷயமாத்தான் வந்தேன்."

இறங்கி வந்தார். முடிச்சை அவிழ்த்துக் கையில் போட்டாள். துரைராசு உள்ளங்கையில் தேய்த்தார். காதருகே வைத்துத் தேய்த்தார். சித்தாளிடம் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டு, அதில் போட்டுக் கலக்கி வெயிலில் வைத்தார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கொஞ்சம் கலங்கல். கீழே பளிச்சென்று மணல் படிந்தது.

"ரெண்டு கழுவு கழுவினா பூச்சுக்கே ஆவும். எந்த ஊரு ஆத்து மணலு இது? வெட்டாறா?"

"சொன்னா என்ன தருவீங்க?"

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு மா பரப்புக்கு இருக்குண்ணே. எத்தனை ஆழம்னு இன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன்."

துரைராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலிலிருந்து தலை வரை சேறு. குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"அடி ஆத்தாடி!" என்றார்.

ஹமீதா ஓடி வந்தாள். "என்னக்கா, என்ன?"

"உன் வீட்டுக்கு மணல் வந்துடுச்சும்மா," என்றார் துரைராசு. "லாரிக்காரன் கேக்குற விலையில முக்காவாசி குடுத்தாப் போதும். நீயே டிராக்டர் வெச்சு ஏத்திக்க. லோடு எரநூத்தம்பது. என்னம்மா மரியபுஷ்பம், சரியா?"

"ஏத்துக் கூலி எங்க தலையில விழாதுன்னா சரி."

அவளுக்கு அதுதான் பெரிய கணக்கு. வெட்டுவதைவிடச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவதற்குத்தான் பாதிக் கூலி போய்க்கொண்டிருந்தது. வேண்டியவன் டிராக்டரைக் கரையில் நிறுத்தித் தானே ஏற்றிக்கொண்டால், அந்தப் பாதி மிச்சம். மணல் காசு தனி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதவைத் தட்டியாக வேண்டும்.

மத்தியானம் குழந்தைராஜைக் கூட்டிக்கொண்டு மீரா உசேன் பாய் கடைக்குப் போனாள். குழந்தைராஜ் வெளியே புளி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"வா தங்கச்சி. மேஸ்திரி ஏன் அங்க நிக்கிறாரு? தேத்தண்ணி சொல்லட்டா?"

"அப்புறம் பாய். அந்தப் பத்திரத்துல மூணாவது வரியைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

"நான் எழுதினதை எனக்கேவா?"

"உங்க வாயால கேக்கணும் போல இருக்கு."

பாய் கல்லாப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். "வெட்டியெடுக்கும் மண்ணை ஒரு கூடைகூடக் கரையில் விடாமல், மேஸ்திரியே தன் செலவில், தன் இஷ்டப்படி அப்புறப்படுத்திக்கொள்ள வேண்டியது."

"தன் இஷ்டப்படி."

"ஆமா, தன் இஷ்டப்படி. அதுக்கென்ன?"

மரியபுஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தராசுத் தட்டில் மணலைக் கொட்டினாள். பாய் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"குளத்துலயா?"

"பன்னெண்டாம் படியில."

"யா அல்லாஹ்! எங்க வாப்பா சொல்லுவாரு, ஒரு வருஷம் வெட்டாறு உடைப்பெடுத்துப் பள்ளிவாசல் வாசலுக்குத் தோணி வந்துச்சுன்னு. கதை விடுறாருன்னு நெனச்சேன். அந்த வெள்ளம் கொண்டாந்த மணலுதானா படியை மூடிக்கிட்டுக் கிடக்கு?" கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வியாபாரி முழித்துக்கொண்டார். "ஆனா தங்கச்சி, குளம் பள்ளிவாசலுது. குளத்து மணலும் பள்ளிவாசலுது."

"அப்ப சேறு யாருது பாய்? ஒரு மாசமா சுமந்து கொட்டினமே, அதையும் உங்க பள்ளிவாசலுக்கே திருப்பிக் கொண்டாந்து குடுத்துடவா?"

வெளியே புளி மூட்டைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது.

"மேஸ்திரி, உங்க வீட்டம்மாவ வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்!"

"அதனாலதான் நான் வெளிய நிக்கிறேன் பாய்!"

"பாய், உண்மையச் சொல்லிடுறேன்," என்றாள் மரியபுஷ்பம். குரலை இறக்கினாள். "உங்க காசு பத்தாம் படியோட தீந்துடுச்சு. இப்ப வெட்டுறது எம் பொண்ணு படிப்புக் காசு. இவரு கரையிலேருந்தே அளந்துட்டாரு, வெள்ளை வேட்டி அழுக்காயிடும்னு."

பாயின் வாய் திறந்தது. மெல்லத் தலையைத் திருப்பிக் குழந்தைராஜைப் பார்த்தார். குழந்தைராஜ் புளி மூட்டையைப் பார்த்தார்.

"வேட்டிக்காகவா?"

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்குன்னு எடுத்த வேட்டி பாய்," என்றார் மேஸ்திரி, ஈனஸ்வரத்தில்.

பாய் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை ஏன்யா ஒரு மாசமா வயித்துக்குள்ள வெச்சிருந்தீரு? சரி, கேளு தங்கச்சி. பள்ளிவாசல்ல தொழ வர்றவங்க கைகால் கழுவப் புது ஹவுது கட்டப் போறோம். அதுக்குப் பத்து லோடு. மிச்சம் உங்களுது."

"எட்டு லோடு."

"பள்ளிவாசலுக்குக் குடுக்குறதுல பேரமா?"

"சரி, பத்து. ஆனா ஏத்துக் கூலி உங்களுது."

"விட மாட்டியே! டேய், மூணு தேத்தண்ணி கொண்டா!"

அப்புறம் நடந்ததைச் சாத்தங்கரைக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் கைகொட்டிச் சொல்வார்கள். கரையில் டிராக்டர் வரிசை கட்டியது. நாலு துபாய் வீட்டுக்கும் மணல் போனது. தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டி வைத்திருந்த கறுப்பு வண்டலையும் விடவில்லை. நாற்றங்காலுக்கு என்று சம்சாரிகள் மாட்டுவண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை மரியபுஷ்பம். கொட்டிய இடத்தைக் காலி செய்கிறார்களே, அதுவே லாபம் என்றாள். ஹமீதா முன்பணமாக எண்ணாயிரம் கொடுத்தாள். சான்ட்ரா ஒன்பதாம் தேதி காலையில் தகரப் பெட்டியோடு தஞ்சாவூர் பஸ் ஏறினாள். பஸ் குளத்தங்கரை வழியாகத்தான் போகும். டிரைவரை நிறுத்தச் சொல்லி ஜன்னல் வழியே கத்தினாள்.

"அம்மா! எத்தனை?"

"பதிமூணு!" என்று இருபத்தஞ்சு பேரும் குளத்துக்குள்ளிருந்து கத்தினார்கள்.

பதினாலாம் படி அதற்கடுத்த புதன்கிழமை வந்தது. அதற்குக் கீழே மம்பட்டி போட்டால் கை அதிர்ந்தது. மஞ்சள் களிமண், கல் மாதிரி. குழந்தைராஜ் இந்தத் தடவை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கி, நாலு இடத்தில் இல்லை, ஒன்பது இடத்தில் குத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் டங்.

"முடிஞ்சுது பாய்! இப்ப சத்தியமா முடிஞ்சுது!"

துபாயில் பதினோரு பேர் தோற்றார்கள். முபாரக்குக்கு வாரம் முழுவதும் சமையல் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதும் மதகைத் திறந்தார்கள். செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடி வந்த தண்ணீர் முதலில் மரியபுஷ்பத்தின் காலைத்தான் தொட்டது. அவள் பதினாலாம் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு படியாக மேலே நகர்ந்து உட்கார்ந்தாள். ராஜாத்தி எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஏழாம் படிக்கு வந்தபோது மீரா உசேன் பாய் மேலே நின்று கூப்பிட்டார்.

"மேஸ்திரி, ஈத்கா மைதானம் பக்கத்துச் சின்னக்குளத்துக்கும் பையனுங்க எவ்வளவு ஆகும்னு கேக்குறாங்க. அடுத்த கோடைக்கு. அதுல இன்னும் தண்ணி ஏறுறதுக்குள்ள அளந்து குடுத்துடுங்க, எழுதி அனுப்பிடுறேன்."

குழந்தைராஜ் வாயைத் திறக்கும் முன்பு மரியபுஷ்பம் எழுந்தாள்.

"நான் அளக்குறேன் பாய்."

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். கம்பியைத் தோளில் போட்டாள். பின்னாலேயே பாதி ஊர் போனது. சின்னக்குளத்தில் இடுப்பளவு தண்ணீர். கரையில் நிற்கவே இல்லை, நேரே நடுவுக்கு நடந்தாள். கம்பியை இறக்கினாள். அது போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடி வரைக்கும் போயும் தட்டவில்லை.

"எத்தனாம் படி வரைக்கும்னு எழுதட்டா?" என்று பாய் கரையிலிருந்து கேட்டார்.

"படி கிடி ஒன்னும் எழுத வேணாம் பாய்! இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை ஆழம்னு எழுதுங்க. ஏங்க, கம்பி எட்டலே. இன்னொரு கம்பி எடுத்துக்கிட்டு உள்ள வாங்க!"

குழந்தைராஜ் குனிந்து பார்த்துக்கொண்டார். குளம் நிறைகிற நாள் என்று அதே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மீரா உசேன் பாய் அவரையே பார்த்தார். ராஜாத்தி பார்த்தாள். கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மேஸ்திரி கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேட்டி தண்ணீருக்கு மேல் குடை மாதிரி விரிந்து, மிதந்து, மெல்லச் சேற்று நிறமாகிக்கொண்டே பெண்டாட்டியை நோக்கிப் போனது. கரையில் பொம்பளைகள் குரவை விட்டார்கள்.